கொக்கு எண்ணுறதுக்காகக் கடைப் பங்கை வேண்டாம்னுட்டாரு எங்க அண்ணன். கோட்டியா (பைத்தியமா), இல்லையா?

டவுன்காரன்:
எங்க அண்ணனுக்கு 44 வயசு. திருநெல்வேலி நயினார்குளம் காய்கறி மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடையில கணக்கு எழுதுதாரு. ராத்திரி பூரா லோடு இறங்கும். விடிய அஞ்சரைக்குச் சோலி முடிஞ்சதும் மனுசன் நேரே குளத்தங்கரைக்குப் போயிருவாரு. கையில பழைய பில் புக். அதோட பின்பக்கத்துல, 'நாமக்கோழி 41, தாழைக்கோழி 17, முக்குளிப்பான் 9'னு நீர்ப்பறவைக் கணக்கு எழுதிக்கிட்டு நிப்பாரு. 2012லேருந்து இதே வேலை.

போன மாசம் முதலாளி, "கால் பங்கு போட்டுச் சேந்துக்கோ"ன்னு கேட்டிருக்காரு. காலைல அஞ்சரைலேருந்து எட்டு வரைக்கும் ஒட்டன்சத்திரம், பாவூர்சத்திரம் ஆளுங்ககிட்ட போன்ல விலை பேசணும், அவ்வளவுதான். பணத்தை நான் போடுதேன்னு சொல்லிட்டேன். மாட்டேன்னுட்டாரு. ஏன்னு கேட்டா, "அந்த நேரந்தாம்ல எனக்குக் குளம்"ங்காரு. நான் சென்னையில இஎம்ஐ கட்டி முழி பிதுங்கி நிக்கேன். இது கோட்டித்தனம் இல்லாம என்ன?

பேட்டை மருமகன்:
கோட்டித்தனமேதான், சந்தேகம் வேண்டாம். வாடகை வீடா? பிள்ளைய எத்தனை? சம்பளம் எவ்வளவு? முதல்ல அதச் சொல்லும். 'சிறிய இலக்கு குற்றம்'னு கலாம் சும்மாவா சொன்னாரு? அவரும் ராமேஸ்வரத்துல படகை எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஞாயித்துக்கிழமை மட்டும் எண்ணட்டுமே. கொக்கு கோவிச்சுக்கிடவா போகுது?

பாளை வாத்தியார்:
தம்பி, அவசரப்பட வேண்டாம். நம்ம நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தைப் பாருங்கள். 1994ல் சரணாலயமாக அறிவித்தார்கள், பிறகு ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்தார்கள். இந்தப் பட்டியலை எல்லாம் நம்பியா பறவை வந்தது? கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டினால் அந்த ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. திருப்புடைமருதூரிலும் அப்படித்தான். கோயிலை ஒட்டிய மருத மரங்களில் பறவைகளை ஊரே காத்தது. 2005ல்தான் அரசாங்கம் அதைக் காப்பகம் ஆக்கியது.

இன்னொன்று. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் வருடா வருடம் பொங்கலை ஒட்டித் தன்னார்வலர்கள் நீர்ப்பறவை எண்ணுகிறார்கள். அது ஜனவரியில் சில நாள் வேலை. உங்கள் அண்ணன் வருடம் முழுக்க எண்ணுகிறார். 2023 டிசம்பர் 17, 18ல் நம் ஊரே தண்ணீரில் கிடந்ததே, அதற்குப் பிறகு நயினார்குளத்துக்கு எந்தப் பறவை எப்போது திரும்பியது என்று யாரைக் கேட்பீர்கள்? அந்த பில் புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும்.

கல்லிடை அப்பளம்:
வாத்தியார் ஐயா, நல்லாத்தான் சொன்னீக. ஆனா அண்ணனைக் காப்பாத்தப் போயி மருமகன் கட்சியிலேயே சேந்துட்டீகளே! ராம்சர், காப்பகம், கணக்கெடுப்புன்னு பெரிய சட்டையா மாட்டிவிட்டாத்தான் அந்த பில் புக்குக்கு மரியாதையா? நாளைக்கே ஒரு ஆபீசர் வந்து 'இந்தக் கணக்கு எதுக்கும் ஆகாது'ன்னுட்டா, அண்ணன் செஞ்சது தப்பாயிருமா?

எங்க அய்யா அப்பளக்காரரு. பகல் பூரா உளுந்து மாவோட மல்லுக்கட்டுவாரு. சாயங்காலம் கன்னடியன் கால்வாய்க் கரையில புல்லாங்குழலோட உக்காந்துருவாரு. நாப்பது வருசமா ஒரே பாட்டு, அதையும் தப்பாத்தான் வாசிப்பாரு. எருமை கூட திரும்பிப் பாத்ததில்ல. அதனால ஒருத்தருக்கும் ஒரு பிரயோசனமும் இல்ல, சத்தியமா. ஆனா குழலை எடுக்கப் போகும்போது சட்டையை மாத்திக்கிட்டுத்தான் போவாரு. கல்யாண வீட்டுக்குக் கூட அழுக்குச் சட்டையோட வாற மனுசன்.

முக்கூடல் பொண்ணு:
எல்லா அண்ணாச்சிமாரும் பேசி முடிச்சாச்சா? அண்ணனுக்குக் குளம், உங்க அய்யாவுக்குக் குழல். உங்க அம்மைக்கு என்ன இருந்துச்சு, அப்பளம்?

எங்க அம்மை பீடி சுத்துனா. ஆயிரத்துக்கு இவ்வளவுன்னுதான் கூலி. கை நின்னா காசு நிக்கும். ஆத்துலயே குளிச்சு வளந்தவ, ஆனா நீச்சல் தெரியாது. ஆம்பளைப் பிள்ளைய எல்லாம் நடு ஆத்துப் பாறைக்கு நீந்திப் போயி உக்காந்திருக்கும், இவ படித்துறையோட சரி. 52 வயசுல, 'ஒரு தடவை அந்தப் பாறையில ஏறிப் பாக்கணும்'னு ஆசை வந்துச்சு. சித்தி மகன் இடுப்புல கயிறு கட்டிச் சொல்லிக் கொடுத்தான். மூணு நாள் போனா. அந்த வாரம் பீடி குறைஞ்சு போச்சுன்னு வீட்டுல ஒரே ஏச்சு. நாலாம் நாள் போகல. பாறை அங்கனதான் கெடக்கு.

சின்ன ஆசைன்னு நீங்க லேசா சொல்லுதீங்க. அதுக்குண்டான ஒரு மணி நேரத்தை வீட்டுல யாரோ ஒருத்தர் கைக்காசா எடுத்து வைக்கணும்.

பேட்டை மருமகன்:
இதத்தாம்மா நானும் சொல்லுதேன். முதல்ல காசு.

முக்கூடல் பொண்ணு:
உங்க கட்சிக்கு நான் வரல, அண்ணாச்சி. நான் கேக்கது டவுன்காரரோட மயினியப் பத்தி, அந்த அண்ணன் வீட்டுக்காரியப் பத்தி. அவியகிட்ட யாராவது கேட்டீங்களா?

டவுன்காரன்:
உண்மையச் சொன்னா, கேக்கல. நேத்து ராத்திரி போன் போட்டேன். மயினி சிரிச்சாவ. "குளத்துலேருந்து ஏழு மணிக்கு வந்து, சின்னவளுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடத்துல விட்டுட்டுத்தான் உங்க அண்ணன் படுப்பாக. எட்டு மணி வரை கடையில இருந்தா அதெல்லாம் யாரு தலையில? அந்த ஒரு மணி நேரந்தான் தம்பி நான் மிஷின்ல உக்காருதேன்"ன்னாவ. ஊராருக்குத் தைக்கிற ஜாக்கெட் இல்லையாம். வெட்டிப் போட்ட துண்டுத் துணியெல்லாம் சேத்து, தனக்குன்னு ஒரு போர்வை. ரெண்டு வருசமா பாதியில நிக்காம். பச்சைத் துணி மட்டும் சரியான பச்சையா அமையலையாம்.

அப்புறம் சொன்னாவ பாருங்க: "பங்கு வேண்டாம்னது அவுக மட்டும்னு நினைச்சு அவுகளயே ஏசுதீங்க. நானுந்தான் வேண்டாம்னேன். என்னய யாரு கேட்டா?"

கல்லிடை அப்பளம்:
எங்க அம்மைக்கு என்ன ஆசைன்னு காலைலேருந்து யோசிக்கேன். தெரியல. கேக்கலாம்னா ஆளு இல்ல.

பேட்டை மருமகன்:
எல்லாரும் உருகுங்க. மூத்தது காலேஜுக்குப் போவும்போது அந்தப் போர்வையை வித்தா பீஸ் கட்டுவீக? கால் பங்கு தினமும் வந்து கதவைத் தட்டாது. நான் வீம்புக்குச் சொல்லல. எங்க மாமனாரு இப்படி ஒண்ண விட்டுட்டு, பதினஞ்சு வருசம் கழிச்சு எங்கிட்டதான் கை நீட்டினாரு. கொடுக்கும்போது எனக்கும் நல்லா இல்ல, வாங்கும்போது அவருக்கும் நல்லா இல்ல.

டவுன்காரன்:
அண்ணாச்சி, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இன்னும் கவலை இருக்கத்தான் செய்யுது. வாத்தியார் கேட்டாருன்னு அண்ணன்கிட்ட அந்த வெள்ளத்துப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். '17, 18, 19 போகவில்லை. 24: முக்குளிப்பான் 2. தண்ணீர் கலங்கல்.' அடுத்த வரியில, 'தக்காளி 14 பெட்டி பாக்கி.' கடைக் கணக்கும் குளத்துக் கணக்கும் ஒரே பக்கத்துல கெடக்கு.

பேட்டை மருமகன்:
நாமக்கோழின்னா எது? கருப்பா, நெத்தியில வெள்ளை நாமம் போட்டாப்ல இருக்குமே, அதா? இங்கன பேட்டைப் பக்கமும் கெடக்கு. நான் கோழின்னுல்லா நினைச்சேன். அது கிடக்கட்டும், சம்பளம் எவ்வளவுன்னு நீரு இன்னும் சொல்லல.