நூலகப் பட்டியலில் 'நடுகல்' தேடினால் இரண்டே நூல்தான் வருகிறது, என்ன செய்வது?

பாலக்கோடு மாணவி:
எம்.ஏ. வரலாறு படிக்கிறேன், ஆய்வேடு நம்ம பக்கத்து நடுகற்களைப் பற்றி. கல்லூரி நூலகத்தின் இணையப் பட்டியலில் (கோஹா மென்பொருள்) "தருமபுரி மாவட்ட நடுகல்" என்று அடித்தால் 2 நூல்தான் காட்டுகிறது. அலமாரியில் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் இன்னும் நாலைந்து நிற்கின்றன! இங்கே நேரில் பார்த்துக்கொள்ளலாம், சென்னை நூலகங்களுக்குப் பேருந்து ஏறும் முன் அங்கே எது இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

கிருஷ்ணகிரி வாசகர்:
தங்கச்சி, சிக்கல் புணர்ச்சியில் இருக்கிறது. நடுகல் பன்மையில் நடுகற்கள் ஆகும்போது ல் போய் ற் வந்துவிடுகிறது, கணினிக்கு அது வேறு சொல். நடுகல்* என்று நட்சத்திரக் குறி (அதற்குப் பின் எந்த எழுத்து வந்தாலும் காட்டு என்று பொருள்) போட்டாலும் நடுகற்கள் சிக்காது. ஓர் எழுத்து முன்னாலேயே வெட்டி நடுக* என்று போடுங்கள். நடுக்கம், நடுக்கடல் எல்லாம் கூடவே வரும்தான், ஆனால் பக்கத்தில் ஊர்ப்பெயரையும் சேர்த்தால் அவை விழுந்துவிடும். "மாவட்ட" வேண்டாம், நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு சொல்லும் இருந்தால்தான் அந்த நூல் வரும். மேற்கோள் குறியும் வேண்டாம், அது சொற்களை அதே வரிசையில்தான் தேடும். வீரக்கல் என்றும் எழுதுவார்கள், அதனால் அடைப்புக்குறிக்குள் நடுக*, வீரக்க* இரண்டையும் வைத்து நடுவில் ஆர் (OR, 'அல்லது') போடுங்கள். ஆர் என்பதை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் அடியுங்கள், சில பட்டியல்களில் சின்ன எழுத்து வேலை செய்யாது.

தருமபுரியிலிருந்து:
ஊர்ப்பெயரையும் அப்படியே செய்யணும்: தருமபுரி, தர்மபுரி, அப்புறம் சேலம். 1965 வரை நாம் சேலம் மாவட்டம்தானே. கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல், அதனால் ஓசூர் பக்கத்துக் கல்லெல்லாம் பழைய நூல்களில் தருமபுரி என்றே இருக்கும். சேலம் வேண்டாமென்று நாட் (NOT, 'இது இல்லாமல்') போட்டுவிடாதீர்கள், இரண்டு ஊரும் தலைப்பில் உள்ள நூல் போய்விடும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஆங்கில எழுத்தில் தேடினால் தமிழ்த் தலைப்புகளில் தருமபுரியை T எழுத்தில் தொடங்குங்கள், D இல்லை, அங்கே தமிழ்த் தலைப்பின் த எப்போதும் T தான். இன்னொன்று, நம் ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்றுதானே கும்பிடுகிறார்கள்? அந்தப் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

பாலக்கோடு மாணவி:
ரொம்ப நன்றி அண்ணா, உங்களுக்கும்தான். இப்போது 9 வருகிறது. வேடியப்பன் என்று தனியாகப் போட்டதில் ஒரு பழைய ஆய்வேடு கிடைத்தது, அதன் தலைப்பில் நடுகல் என்ற சொல்லே இல்லை! நாளைக்குக் காலையில் போய் எடுக்கிறேன்.