மேசையா, அரங்கா, களரியா?

கிளிநொச்சியிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். தூரத்து நண்பர்களோடு இணையத்தில் பாத்திரமேற்று ஆடுவதற்கு எந்த மென்பொருளை எடுக்கலாம் என்று கணினி வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ரோல்20, ஃபவுண்ட்ரி, அவுல்பெயர் ரோடியோ போன்ற 'வேர்ச்சுவல் டேபிள்ரொப்' வகைக்கு, அதாவது ஆட்டத்தின் வரைபடம், காய், பகடை எல்லாவற்றையும் திரையில் காட்டும் வகைக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது? மொழிபெயர்ப்புப் பொறி "மெய்நிகர் மேசைமேல்" என்கிறது. மேசைமேல் என்ன, பூனையா?

வவுனியாவிலிருந்து:
தங்கச்சி, மேசை போர்த்துக்கீசச் சொல். நம்மிடம் அரங்கு இருக்கிறது. "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்ற குறளில் (401) வரும் அரங்கு நாடக மண்டபம் அன்று, ஆட்டத்துக்காகக் கீறிய இடம். நற்றிணை மூன்றாம் பாட்டிலும் வேப்பமர நிழலில் சிறுவர்கள் அரங்கு கீறி நெல்லிக்காயை வட்டாக, அதாவது உருட்டும் காயாக, வைத்து ஆடுகிறார்கள். பரிமேலழகர் வட்டாடலை உண்டை உருட்டல் என்கிறார். ரோல்20 என்ற பெயரிலும் உருட்டல்தானே இருக்கிறது! வட்டரங்கு என்று வையுங்கள்.

மன்னாரிலிருந்து:
மாஸ்டர், வட்டரங்கு என்றால் பிள்ளைகள் சர்க்கஸ் என்று நினைப்பார்கள். மேசையைத் தள்ளினால் கதிரை, வாங்கு, அலுமாரி, ஜன்னல் எல்லாவற்றையும் தள்ள வேண்டும், அவையும் போர்த்துக்கீசரோடு வந்தவைதான். பிறகு வகுப்பில் எல்லோரும் நிலத்தில்தான் இருக்க வேண்டும். இணைய மேசை போதும்.

வவுனியாவிலிருந்து:
அந்தச் சிறுவர்களும் நிலத்தில்தான் ஆடினார்கள், குறைந்து போகவில்லை. அது கிடக்க, குறள் 935 "கவறும் கழகமும்" என்று தொடங்கும். அங்கே கவறு என்பது பகடை, கழகம் என்பது சூதாடும் இடம். இன்று ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம், ஒருவரும் பொலிசைக் கூப்பிடவில்லை. கழகம் பழகியதென்றால் வட்டரங்கும் பழகும்.

முல்லைத்தீவிலிருந்து:
இரண்டு பேரும் கட்டத்தையே பார்க்கிறீர்கள். ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவதுதான் இந்த ஆட்டம், வரைபடமே இல்லாமலும் ஆடலாம். எங்கள் பக்கம் கோவலன் கூத்து ஆடும் இடத்துக்குக் களரி என்று பெயர். ஆகவே இணையக் களரி. நடத்துகிறவர், கூத்தைப் பழக்கி நடத்துபவரைப் போல, அண்ணாவியார். சங்கம் வரை ஏன் போக வேண்டும், அண்ணை?

மன்னாரிலிருந்து:
அண்ணாவியார் கையில் முழுக் கூத்தும் எழுதிய ஏடு இருக்கும். இந்த ஆட்டத்தில் அடுத்து என்ன வரும் என்று நடத்துகிறவருக்கே தெரியாது, வீரர்கள் கதவைத் தட்டாமல் கூரையைப் பிரிப்பார்கள். அண்ணாவியாரிடம் அப்படிச் செய்து பாருங்கள்.

ரொறன்ரோவிலிருந்து:
நான் பிறந்தது மாங்குளம், ஆடுவது இங்கே. சொல் இருக்கட்டும், முதலில் இந்த மென்பொருள்கள் ஒரே மாதிரியானவை அல்ல. அவுல்பெயரில் வரைபடம், காய், பகடை அவ்வளவுதான். விதிகளை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேசை என்ற பெயர் பொருந்தும். ஃபவுண்ட்ரி அப்படியில்லை. அடி விழுந்தால் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளியைக் கழிக்கும், சுவருக்கு அப்பால் இருப்பதை மறைக்கும். 2020இல் வந்தது, ஒருவர் ஒருமுறை 50 டொலர் கொடுத்து வாங்கினால் மற்றவர்கள் உலாவியில் சும்மா சேரலாம். ஆனால் வாங்கியவர் கணினியே மற்றவர்கள் வந்து இணையும் வழங்கியாகவும் (சேர்வர்) இருக்க வேண்டும், அல்லது வாடகைக்கு ஒன்று எடுக்க வேண்டும். மொபைல் டேட்டாவில் இருக்கும் கணினிக்கு வெளியிலிருந்து நேரே இணைப்பு வருவது பெரும்பாலும் நடக்காது, அதனால் வன்னியில் இருப்பவர் நடத்துவதை விட, வீட்டில் ஃபைபர் இருக்கும் வெளிநாட்டு நண்பர் நடத்தட்டும். 2012 முதல் இருக்கும் ரோல்20இல் இந்தத் தலையிடி இல்லை, அவர்களுடைய வழங்கியிலேயே ஓடும், தொடங்குவதற்கு இலவசக் கணக்குப் போதும். பழைய மடிக்கணினியில் கொஞ்சம் இழுக்கும். பேச்சை டிஸ்கோர்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் தனியாக வைத்தால் படம் நின்றாலும் கதை நிற்காது.

நேரத்தையும் குறிப்பில் போடுங்கள், அங்கே இரவு 8 என்றால் கோடையில் எங்களுக்குக் காலை 10:30.

என் வாக்கு ஆட்டமேசைக்கு.

கிளிநொச்சியிலிருந்து:
நல்லது அண்ணை, வழங்கி விஷயம் அப்படியே குறிப்பில் போகிறது. மெய்நிகர் வேண்டாம் என்பதில் மட்டும்தான் எல்லோரும் ஒற்றுமை போலிருக்கிறது, அதற்காக ஒருவரும் வாதாடவில்லை. 'இணைய ஆட்டமேசை' என்று போடுகிறேன், எதிர்ப்புக் குறைவு.

முல்லைத்தீவிலிருந்து:
போடுங்கள். என் வகுப்பில் களரி என்றுதான் சொல்வேன்.

வவுனியாவிலிருந்து:
அடிக்குறிப்பிலாவது வட்டரங்கைச் சேருங்கள். அப்புறம், கவறு இருக்கும்போது எதற்குப் பகடை?

கிளிநொச்சியிலிருந்து:
மாஸ்டர், பகடைக்குத் தனி இழை தொடங்குங்கள். சனிக்குப் பிறகு.