முன் – பின் மனப்பான்மை: பேர்டு டி டெஸ்ட்டில் எங்கெல்லாம் மாட்டும்?

நர்சிங், பி.எட். ஆய்வேடுகளில் அடிக்கடி பார்ப்பது: உறுப்பு தானம் பற்றி ஒரு வகுப்பு, அதற்கு முன்னும் பின்னும் அதே கேள்வித்தாள். ஒவ்வொருவரின் முன், பின் மதிப்பெண்களின் வித்தியாசத்தை எடுத்து, அவற்றின் சராசரி தற்செயலாக வந்ததா என்று பார்ப்பதுதான் பேர்டு டி டெஸ்ட் (paired t-test). கணக்கை விடப் பெரிய தலைவலி, எந்த இரண்டு தாள் ஒரே ஆளுடையவை என்பதுதான். பெயர் கேட்டால் மனதில் இருப்பதை எழுத மாட்டார்கள். கேட்காவிட்டால் தாள்கள் கலந்துவிடும். அம்மா பெயரின் முதல் இரண்டு எழுத்து, பிறந்த தேதி, செல்போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என்று அவர்களையே ஒரு குறியீடு போடச் சொல்லுங்கள்.

குறியீடு இல்லாத தாள்களை எக்செல்லில் அருகருகே ஒட்டினால் என்ன ஆகும்? எண்ணிக்கை சமமில்லை என்றால் பிழை காட்டும், தப்பித்தோம். இரண்டு பக்கமும் 40 இருந்தால் விடை வந்துவிடும். அந்த விடை குப்பை.

*

இணை சேர்ப்பதில் என்ன லாபம் என்பவர்களுக்கு: 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில், டி டெஸ்ட்டுக்கு வழிவகுத்த காஸெட் எழுதிய கட்டுரையிலேயே உதாரணம் இருக்கிறது. 10 பேர், ஆளுக்கு இரண்டு தூக்க மருந்து. வித்தியாசங்களின் சராசரி 1.58 மணி, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) 1.23. அதை √10-ஆல் வகுத்தால் 0.39; சராசரியை இதனால் வகுத்து வரும் டி 4.06, பி (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய டி தற்செயலாக வரும் வாய்ப்பு) சுமார் 0.003. அதே எண்களை இரு தனிக் குழுக்களாகப் போட்டால் டி 1.86-க்கு இறங்கி, பி 0.08 ஆகிவிடும். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கழியாமல் நிற்பதுதான் காரணம்.

*

கூட்டுவதற்கு முன் எதிர்மறை வாக்கியங்களைத் திருப்புங்கள்: 1 முதல் 5 வரையான அளவுகோலில், 6-லிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். முன்தேர்வில் திருப்பி, பின்தேர்வில் மறந்த கோப்புகள் நிறைய வரும். மனப்பான்மை தலைகீழாக மாறியதாகத் தெரியும்.

நார்மல் பரவலை (மணி வடிவப் பரவல்) சோதிக்க வேண்டியது வித்தியாசத்தில். முன், பின் மதிப்பெண்களைத் தனித்தனியாகச் சோதித்து ஆய்வேட்டில் பக்கம் நிரப்புவது வீண் வேலை. சிறிய மாதிரியில் வித்தியாசம் மிகவும் கோணலாக இருந்தால், டி டெஸ்ட்டுக்குப் பதில் தர வரிசையை வைத்துக் கணக்கிடும் வில்காக்ஸன் சோதனை.

எஸ்பிஎஸ்எஸ் (SPSS) என்ற புள்ளியியல் மென்பொருள் முதல் மாறியிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும். 'முன்'னை முதலில் கொடுத்தால் முன்னேற்றம் மைனஸில் வரும், பதற வேண்டாம்.

*

பி வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே வந்தாலும் வகுப்பால்தான் மாறினார்கள் என்று எழுத முடியாது. ஆசிரியர் எதிர்பார்ப்பதை ஊகித்து டிக் அடித்திருக்கலாம். மதிப்பெண் குறைந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், ஒன்றும் செய்யாமலே அடுத்த முறை சராசரி ஏறும். வகுப்பு நடத்தாத ஒப்பீட்டுக் குழு இருந்தால், இரு குழுக்களின் வித்தியாசங்களை ஒப்பிடுங்கள். பின்தேர்வுக்கு வராதவர்களின் முன்தேர்வுச் சராசரியையும் தனியாகக் கொடுங்கள். பிடிக்காதவர்களே வராமல் போயிருக்கலாம்.