புதுப்பிப்பு: 12ஆம் வாரத்தில் மரபணுப் பரிசோதனை – இறுதியில் என்ன செய்தோம்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. 36 வயதில் முதன்முறையாகக் கருவுற்றிருக்கும் நான், டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாடுகளுக்கான பரிசோதனையைச் செய்துகொள்வதா வேண்டாமா என்று கேட்டிருந்தேன். முடிவு எப்படி வந்தாலும் அதை வைத்து என்ன செய்வீர்கள் என்பதை முதலில் இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரு சகோதரி எழுதியதே எங்களுக்குக் கைகொடுத்தது. கருவைத் தொடர்வது, ஆனால் முன்னரே அறிந்து ஆயத்தமாவது என்று அன்றிரவே முடிவு செய்தோம்.

என்.டி. ஸ்கேனில் கருவின் கழுத்தின் பின்புற நீரளவு 1.6 மி.மீ., அதாவது இயல்பே. எனினும் டபுள் மார்க்கர் என்னும் இரத்தப் பரிசோதனையின் அளவுகளையும் என் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 420இல் 1 என்று இடைநிலை அபாயம் வந்தது. உறுதிசெய்யப் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்க 15 வாரம் நிறைய வேண்டும், சிறிதளவு கருச்சிதைவு அபாயமும் உண்டு என்பதால், தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடி டி.என்.ஏ.வை ஆராயும் என்.ஐ.பி.டி.யைத் தேர்ந்தோம்.

எதிர்பாராதது ஒன்று: முதல் மாதிரியில் அந்த டி.என்.ஏ. போதாமல் முடிவே வரவில்லை. பத்து நாள் கழித்து மீண்டும் இரத்தம் கொடுத்ததில் ‘குறைந்த அபாயம்’ என்று வந்தது. (கருவின் பாலினத்தைச் சொல்லத் தடைவிதிக்கும் 1994ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி அறிக்கையில் பாலினம் இராது, மாமியார்தான் இருமுறை புரட்டிப் பார்த்தார்.) இதுவும் உறுதிப்படுத்தும் சோதனை அன்று என மருத்துவர் அழுத்திச் சொன்னதால், கருவின் உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் 19ஆம் வார ஸ்கேனுக்கும் நாள் குறித்திருக்கிறோம்.