ஹாலில் இருக்கிற பிரிண்டர் உள்ரூம் வைஃபைக்குத் தெரியவில்லை, உதவுங்களேன்

மும்பை செம்பூரில் இருக்கிறோம். ஃபைபர் ரவுட்டர் ஹாலில், நடுவில் இருக்கும் கனத்த சுவர் சிக்னலை அப்படியே முழுங்கிவிடுவதால் அங்கிருந்து கேபிள் இழுத்து உள்ரூமில் ஒரு பழைய ரவுட்டரை வைத்திருக்கிறேன். நெட் வருகிறது. ஆனால் ஹால் ரவுட்டரில் கேபிளில் மாட்டிய பிரிண்டர், உள்ரூம் வைஃபையில் இருக்கும் போனில் காட்டவே மாட்டேன் என்கிறது. பார்த்தால் நெட்வொர்க் முகவரி பிரிண்டருக்கு 192.168.1.20, போனுக்கு 192.168.0.101. கேபிள் பழைய ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைப்புக்கான) போர்ட்டில் இருப்பதால் அது தனி நெட்வொர்க்காகத் தனிக்குடித்தனம் நடத்துகிறது, அதுவரை புரிகிறது.

அந்தக் கேபிளை லேன் (LAN, வீட்டுக்குள் இணைப்புக்கான) போர்ட்டுக்கு மாற்றி, பழைய ரவுட்டரில் முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, அதற்கு 192.168.1.2 கொடுத்தால் போதுமா? ஹால் ரவுட்டர் அதே முகவரியை வேறு எதற்காவது கொடுத்துவிடாமல் இருக்க என்ன செய்வது? இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் வைத்தால் போன் தானாக மாறுமா, இல்லை தூரத்தில் இருப்பதையே பிடித்துத் தொங்குமா?

அப்புறம், பிளான் 200 எம்பிபிஎஸ், ஹால் வைஃபையில் முழுசாக வருகிறது, இந்தக் கேபிளில் லேப்டாப்பை மாட்டினால் 95ஐத் தாண்டவில்லை. ஜாக்கைப் பார்த்தால் எட்டுக் கம்பியில் நாலைத்தான் கோத்திருக்கிறார் கேபிள்காரர்! ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டும் வேண்டுமே. லாமிங்டன் ரோட்டில், ஜாக்கில் கம்பிகளை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் வாங்கி நானே செய்துவிடலாமா, இல்லை கைதேர்ந்த ஆள்தான் வேண்டுமா? செம்பூர், மாட்டுங்கா பக்கம் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.