புதுப்பிப்பு: 1970 ஷெவெல் எஸ்.எஸ். அசல்தானா?
விற்பனைக்கு வந்துள்ள 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) 396 கார் அசலானதா, ஷெவெலின் சாதாரண வகையான மாலிபுவைப் பின்னாளில் மாற்றியதா என்று முன்பு கேட்டிருந்தேன். அந்த ஆண்டில் எஸ்.எஸ். தனி மாடலாக இல்லாமல் கூடுதல் விலைக்குத் தரப்பட்ட தொகுப்பாக இருந்ததால், வண்டியின் அடையாள எண்ணை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது என்று நீங்கள் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி. ஆகவே உரிமையாளரின் சம்மதத்துடன் பெட்ரோல் டேங்கை இறக்கிப் பார்த்தோம்; அதன் மேற்புறத்தில் துருக்கறை படிந்து, ஓரங்கள் நைந்துபோயிருந்த, வண்டியில் பொருத்த வேண்டியவற்றைப் பட்டியலிடும் தொழிற்சாலைத் தாளில், எஸ்.எஸ். 396 தொகுப்புக்கான இசட்25 என்ற குறியீடு தெளிவாகவே தெரிந்தது. என்ஜின் பிளாக்கில் பொறித்துள்ள வரிசை எண்ணும் வண்டியின் எண்ணோடு பொருந்துகிறது. அந்த இடத்தைத் தேய்த்துவிட்டுப் புதிதாக எண் அடிப்பவர்களும் உண்டு என்பதால், ஆலையில் பிளாக்கைச் செதுக்கும்போது விழுந்த மெல்லிய கோடுகள் அழியாமல் இருப்பதையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேன். இத்தனை சான்றுகளுள்ள வண்டிக்கு அவர் கேட்கும் விலை நியாயமானதே, வாங்குவதென்று முடிவுசெய்துவிட்டேன்.