மழையில் தொடங்கிய வயிற்றுப்போக்கு, கோடையில்தான் நின்றது

எங்கள் மிளகு ஒரு நாட்டு நாய். போன ஆகஸ்டில், இரண்டரை மாதக் குட்டியாக, கொளத்தூரில் எங்கள் தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். நவம்பர் மழையில் வயிறு கெட்டது. ஏப்ரலில்தான் சரியானது. இதே நிலையில் இருக்கும் யாருக்காவது ஒரு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு ஊசி, மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக், ஐந்து நாள் பத்தியச் சாப்பாடு. மூன்றாம் நாளே கெட்டியாகப் போவாள், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடியும் ஆரம்பிக்கும். இப்படி 4 முறை. நான்காவது முறை பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டி நானே வாங்கிக் கொடுத்தேன். அதை நான் செய்திருக்கக் கூடாது. மலத்தைப் பரிசோதிக்க யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 7 மாதத்தில் அவள் எடை 8 கிலோதான், விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது.

ஜனவரியில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். 1903இல் தொடங்கிய கல்லூரி. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். அங்கே டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறாள்? ஒவ்வொரு முறையும் கொஞ்சமா, நிறையவா? முக்குகிறாளா? சளி இருக்கிறதா? ரத்தம் சிவப்பாக வருகிறதா, கறுப்பாகவா? பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. தினமும் நான்தான் அள்ளுகிறேன், ஆனால் பார்த்ததே இல்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கி முக்கி, சளியும் கடைசியில் சொட்டுச் சிவப்பு ரத்தமுமாகப் போனால் பெரும்பாலும் பெருங்குடலில் பிரச்சினை. ஒவ்வொரு முறையும் நிறையப் போய், சாப்பிட்டும் உடம்பு இளைத்தால் சிறுகுடலைப் பார்க்க வேண்டும். கறுப்பாகத் தார் மாதிரி போனால் மேலே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், குட்டிகளுக்குக் கொக்கிப் புழுவாலும் அப்படி ஆகும். மிளகுக்குப் பெருங்குடல், சிறுகுடல் அறிகுறி இரண்டும் கலந்து இருந்தது.

அன்று மாலையே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, சமையலறைக் கதவில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். நேரம், எப்படிப் போனாள், என்ன சாப்பிட்டாள். வேறொன்றும் வேண்டாம்.

3 நாள் மாதிரி கொண்டுவரச் சொன்னார்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வெளிவராது, ஒரு மாதிரியில் இல்லை என்றால் உடம்பிலேயே இல்லை என்று ஆகாது. எங்களுக்கு மூன்றாவது மாதிரியில்தான் தெரிந்தது. மழையில் தேங்கின தண்ணீரை அவள் நக்கிக் குடித்தது நினைவுக்கு வந்தது. ஃபென்பென்டசோல் என்ற பூச்சி மருந்து 5 நாள், எடை பார்த்துக் கொடுத்த அளவு. மருந்தைவிட முக்கியமாக எனக்குத் தோன்றியது சுத்தம். பின்பக்க முடியில் ஒட்டியிருப்பதை நக்கி மறுபடி உள்ளே போகும் என்பதால் கடைசி நாள் நன்றாகக் குளிப்பாட்டினோம். போனவுடனே அள்ளினோம். படுக்கைத் துணியை வெந்நீரில் அலசி மொட்டைமாடியில் போட்டோம். ஈரத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் அந்தக் கிருமிக்கு நன்றாகக் காய்ந்த இடம் ஆகாது. இந்த விஷயத்தில் சென்னை வெயில் நமக்குத் துணை.

பாதி குணம். சளி மட்டும் விடவில்லை. மறுபரிசோதனையில் ஒட்டுண்ணி இல்லை. அப்போதுதான் டாக்டர் உணவு மாற்றிப் பார்க்கலாம் என்றார். இளம் நாய்களில் இப்படி நாள்பட்டுப் போவதற்கு உணவு ஒத்துக்கொள்ளாமை பல சமயம் காரணமாம். புரதத்தை மிகச் சிறிதாக உடைத்துத் தயாரித்த சிறப்பு உணவு, அதோடு தண்ணீர், வேறு எதுவும் வாயில் படக்கூடாது. விலை கைக்குக் கனம்தான்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது விலை இல்லை, வீடு. மாமனார் மாலை டீயோடு அவளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுப்பார். கீழ்வீட்டு ஆன்ட்டி தயிர்சாதம் வைப்பார். இஸ்திரி வண்டி அண்ணன் பன் பிய்த்துப் போடுவார். எல்லோரும் பாசத்தில்தான் செய்கிறார்கள், யாரிடம் கோபப்படுவது? மாமனாரிடம் சொன்னபோது, "பச்சப் புள்ள மாதிரி பாக்குதும்மா, எப்படிக் கொடுக்காம இருக்கறது?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நோட்டை அவர் கையில் கொடுத்தேன். "மாமா, இனிமே இதை நீங்கதான் எழுதணும்" என்றேன். பிஸ்கட் டப்பாவைக் கழுவி, அவளுடைய புது உணவிலேயே ஒரு கைப்பிடி போட்டு வைத்தேன். டீ நேரத்தில் அதிலிருந்து இரண்டு கொடுப்பார். மிளகுக்கு வித்தியாசமே தெரியவில்லை, அவர் கையிலிருந்து வந்தால் போதும்.

ஒன்பதாம் நாள் மறுபடி சளி. மாமனார் நோட்டைப் புரட்டி, "முந்தாநாள் ராத்திரி பூச்சி மாத்திரை" என்று காட்டினார். இறைச்சிச் சுவை சேர்த்த, மென்று தின்னும் மாத்திரை அது. எங்கள் யாருக்கும் அது உணவாகவே தோன்றவில்லை! சுவை சேர்க்காததற்கு மாற்றினோம், முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணினோம். இரண்டு வாரத்தில் கெட்டியானது. ஆறாவது வாரம் டாக்டர் சொல்லி வேகவைத்த கோழி மட்டும் கொடுத்துப் பார்த்தோம், மூன்றாம் நாளே சளி திரும்பியது. ஆக, வயிறு சரியில்லை என்று நாங்கள் பத்தியமாக வைத்த கோழிச் சாதமே அவளுக்கு ஆகவில்லை.

இப்போது மீன் சார்ந்த உணவு. 13 மாதம், 14 கிலோ.

தாம்பரத்திலிருந்து:
நோட்டு யோசனை ரொம்பச் சரி, அக்கா. எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டு வேறு மாதிரி. ஒன்றரை வயது, எவ்வளவு போட்டாலும் பசி, தன் மலத்தையே தின்பான், ஆனால் எலும்பும் தோலும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, குவியலாக இருக்கும். ஒரு வருடம் பூச்சி மாத்திரையே கொடுத்தோம். கடைசியில் வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்ததில் கணையம் செரிமான நொதி சுரக்கவில்லை என்று தெரிந்தது. இந்த இனத்தில் இது அதிகமாம். ஒவ்வொரு வேளையும் உணவில் நொதிப் பொடி கலக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. பி12 ஊசியும் போட்டார்கள். இரண்டு மாதத்தில் ஆளே மாறிவிட்டான். சாப்பிட்டும் இளைக்கிற நாய் இருந்தால் தயவுசெய்து இதைக் கேட்டுப் பாருங்கள்.

திருவான்மியூரிலிருந்து:
எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வாரம் விட்டு விட்டு வாந்தி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெளிவாக இல்லை, ஸ்கேனில் தெரிந்தது: மாங்கொட்டை. அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். சீசனில் குப்பைக்கூடையை மூடியே வையுங்கள்.

பெரம்பூரிலிருந்து:
என் குட்டிக்கு 3 மாதம். தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருக்கிறோம். நேற்று ராத்திரியிலிருந்து வாந்தி, காலையில் ரத்தமாகப் போகிறான், நாற்றம் தாங்கவில்லை. எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான். இளநீர் கொடுத்துப் பார்க்கட்டுமா?

கொளத்தூரிலிருந்து:
வேண்டாம், தம்பி. வாந்தி எடுக்கிற குட்டிக்கு வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள். நான் மேலே எழுதியது மாதக்கணக்கில் பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம், உங்களுடையது மணிக்கணக்கு. பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இப்போதே ஆட்டோ பிடியுங்கள், உள்ளே நுழையும் முன் பார்வோ சந்தேகம் என்று சொல்லுங்கள், மற்ற நாய்கள் பக்கத்தில் இறக்கிவிட வேண்டாம். அவன் படுத்த இடத்தைப் பிறகு பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள்.

பெரம்பூரிலிருந்து:
வந்துவிட்டோம். பரிசோதனையில் பார்வோ என்றே வந்திருக்கிறது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கொளத்தூரிலிருந்து:
வெளியே போன தண்ணீரை டிரிப்ஸ்தான் ஈடு கட்டும், நேரத்தோடு போய்விட்டீர்கள். ஒரு நாள்கூட விடாமல் கூட்டிப் போங்கள். ராத்திரி குளிரும், துணி போர்த்தி வையுங்கள். காலையில் எப்படி இருக்கிறான் என்று எழுதுங்கள், மாமாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.